விருந்தினர் வந்தார், வினா எங்கே? சட்டப் பள்ளிகளின் சிறப்புரைச் சடங்கு குறித்து

சட்டப் பள்ளிகளுக்கு நீதியரசர்களும் மூத்த வழக்கறிஞர்களும் ஆட்சிப்பணி அதிகாரிகளும் வந்து நிகழ்த்தும் சிறப்புரைகளில் பெரும்பாலானவை கல்வி நிகழ்வு என்ற பெயருக்கு உரியவை அல்ல. அவை மரியாதைச் சடங்குகள். நிகழ்ச்சி நிரல் எல்லா ஊர்களிலும் ஏறத்தாழ ஒன்றே. குத்துவிளக்கு ஏற்றப்படும். விருந்தினரின் பட்டங்களும் பதவிகளும் ஆண்டு வரிசையில் வாசிக்கப்படும். சால்வை, ஏலக்காய் மாலை, கர்நாடகமாயின் மைசூர்ப் பேட்டா. பிறகு உரை: தொழில் தொடங்கிய காலத்து இடர்ப்பாடுகள், தம் மூத்த வழக்கறிஞரின் கண்டிப்பு, அரசமைப்புச் சட்டத்தின் பெருமை, இளைஞர் கையிலுள்ள நாட்டின் எதிர்காலம். இறுதியில் நினைவுப் பரிசு, நன்றியுரை, நாட்டுப்பண். நேரமின்மையைக் காரணம் காட்டி வினாக்கள் கைவிடப்படும். அல்லது ஆசிரியர் ஒருவர் முன்னரே பார்த்து ஒப்புதல் தந்த இரண்டு வினாக்கள் மட்டும் கேட்கப்படும். மறுநாள் நிழற்படம் வெளியாகும். உரையின் எழுத்து வடிவம் வெளியாவது அரிது.

இச்சடங்கு சலிப்பூட்டுகிறது என்பது குறைகளில் மிகச் சிறியது. அது மாணவர்களுக்கு ஒன்றைக் கற்பிக்கிறது என்பதே கவலைக்குரியது. அதிகாரத்தில் இருப்பவர் எதிரில் அமரும்போது வினாவை விழுங்கிவிட்டுக் கைதட்ட வேண்டும் என்ற பாடம் அங்கே ஐந்து ஆண்டுகளும் பயிற்றுவிக்கப்படுகிறது. அம்மாணவர்களில் சிலர் நாளை அதே நீதிபதியின் முன் ஓர் ஏழையின் வழக்கை எடுத்து வாதிட வேண்டியவர்கள். கூடத்தில் பழகிய பணிவு, நீதிமன்ற வாயிலில் தானாகக் கழன்றுவிடும் என்று நம்புவதற்கு எந்த ஆதாரமும் இல்லை.

இதன் முரண்பாடு பெங்களூருவிலேயே தெளிவாகத் தெரிகிறது. நாகரபாவியிலுள்ள இந்தியத் தேசியச் சட்டப் பள்ளிப் பல்கலைக்கழகம் 1986-இல் கர்நாடகச் சட்டமன்றம் இயற்றிய சட்டத்தால் உருவாகி, 1988-இல் முதல் அணி மாணவர்களுடன் வகுப்புகளைத் தொடங்கியது. என்.ஆர். மாதவ மேனன் அதன் நிறுவன இயக்குநர். ஆசிரியர் சொல்வதை எழுதிக்கொள்ளும் பழைய சட்டக் கல்லூரி முறையை உடைப்பதே அப்பள்ளியின் பிறப்பு நோக்கம். ஹார்வர்டில் 1870-இல் தொடங்கி லாங்டெல் வளர்த்தெடுத்த வழக்குவழிக் கற்பித்தல் முறையைத் தேசியச் சட்டப் பள்ளிகள் தமதாக்கிக்கொண்டன. மாணவர் தீர்ப்பைப் படித்துவிட்டு வர வேண்டும், ஆசிரியர் வினவுவார், மாணவர் மறுத்துரைப்பார், தீர்ப்பின் காரணவரிசை கலைத்துப் பார்க்கப்படும். நாள்தோறும் இவ்வாறு தீர்ப்புகளைக் கலைத்துப் பார்க்கும் அதே மாணவர், அத்தீர்ப்பை எழுதியவர் நேரில் வரும் அன்று மட்டும் வாய்மூடி அமர்கிறார். அப்பல்கலைக்கழகத்தின் வேந்தர் இந்தியத் தலைமை நீதிபதி. நீதித்துறைக்கும் சட்டக் கல்விக்கும் இவ்வளவு நெருக்கம் அமைந்த இடத்தில் வினவும் பழக்கம் மிகுதியாக இருக்க வேண்டும். நாடெங்கும் உள்ள சட்டப் பள்ளிகளின் மேடைகளில் நிகழ்வது அதன் மறுதலை.

சிக்கல் மொழியிலிருந்தே தொடங்குகிறது. தமிழில் 'நீதிபதி' என்ற சொல் போதாதென்று 'நீதியரசர்' என்ற சொல் வழக்கில் நிலைபெற்றது. முடியாட்சி ஒழிந்த நாட்டில், அரசமைப்புச் சட்டத்துக்குக் கட்டுப்பட்ட ஒரு பதவிக்குள் அரசர் வந்து அமர்ந்துகொண்டார். ஆங்கிலத்தில் 'மை லார்ட்' என்ற விளி அதே வேலையைச் செய்கிறது. அதைக் கைவிடலாம் என்று இந்திய வழக்கறிஞர் மன்றம் 2006-இலேயே விதி திருத்தியது. சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்தபோது கே. சந்துரு, தம்மை அவ்வாறு விளிக்க வேண்டாம் என்று வழக்கறிஞர்களிடம் வெளிப்படையாகக் கேட்டுக்கொண்டார். விளி மாறவில்லை. அரசர் என்று அழைக்கப்படுபவரிடம் குடிகள் விண்ணப்பிக்கலாம். குறுக்கு வினா எழுப்புவது எளிதன்று.

'விருந்து' என்ற சொல்லையும் நோக்க வேண்டும். அதன் பழம்பொருள் புதுமை. தொல்காப்பியச் செய்யுளியல் எண்வகை வனப்புகளுள் ஒன்றாக விருந்தைக் கூறுவது இப்பொருளில்தான். புதியதாக வருவது விருந்து. புதியவராக வருபவர் விருந்தினர். வகுப்பறையில் கிடைக்காத ஒன்றைக் கொண்டுவராத விருந்தினர் உரை, பெயருக்கும் பொருந்தாதது. தமிழ்ப் புலமை மரபில் ஒரு நூல் அவையேறும்போது தடை எழுப்புவோர் இருந்தார்கள். விடை சொல்லித் தன் நூலை நிலைநாட்டிய பிறகே அது அரங்கேறியதாகக் கொள்ளப்பட்டது. உரையாசிரியர்களின் நடையே தடையும் விடையுமாக நகர்வது. இத்தகைய மரபைப் பாடமாக நடத்தும் தமிழ்த்துறைகளும் தம் அறக்கட்டளைச் சொற்பொழிவுகளில் இன்று தடைக்கு இடம் வைப்பதில்லை. ஆதலால் இது சட்டப் பள்ளிகளின் நோய் மட்டும் என்று பிறதுறையினர் நிம்மதி கொள்வதற்கில்லை.

வினா இல்லாத மேடையில் உண்மை எவ்வாறு பாதியாகிறது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு போதும். 1985 ஜூலையில் வந்த ஓல்கா டெல்லிஸ் தீர்ப்பைச் சிறப்புரையாளர்கள் விரும்பி மேற்கோள் காட்டுவார்கள். வாழ்வுரிமைக்குள் வாழ்வாதார உரிமையும் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் கூறிய தீர்ப்பு அது. அரங்கம் கைதட்டும். அதே தீர்ப்பு, உரிய நடைமுறையைப் பின்பற்றிப் பம்பாய் நடைபாதைவாசிகளை அகற்றலாம் என்றும் கூறியது. மழைக்காலம் முடியும்வரை மட்டுமே அவர்களுக்கு அவகாசம் அளித்தது. உரிமை ஏட்டில் ஏறியது; குடிசை இடிக்கப்படலாம் என்பதும் ஏட்டில் ஏறியது. முதற்பாதியை மட்டும் சொல்லும் உரை பொய்யுரை ஆகாது. எனினும் அதைக் கேட்டுச் செல்லும் மாணவர், ஒரு நீதிமன்றம் உரிமையை அறிவித்துக்கொண்டே அதன் பயனை எவ்வாறு மறுக்க முடிகிறது என்ற மையமான சட்டக் கேள்வியை இழந்துவிடுகிறார். பின்வரிசையிலிருந்து ஒரே ஒரு வினா எழுந்திருந்தால் மறுபாதியும் அவைக்கு வந்திருக்கும்.

நாகரபாவி நகரின் மேற்கில் இருக்கிறது. கிழக்கில், ஹலசூரை ஒட்டி மர்பி டவுன் இருக்கிறது. பெங்களூரு 1947 வரை இரு ஆட்சிகளின் கீழ் இருந்த நகரம்: மைசூர் அரசின் கீழ்ப் பழைய பேட்டை, ஆங்கிலேயரின் கீழ்க் கண்டோன்மெண்ட். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் படை வந்தபோது, அதைத் தொடர்ந்து தமிழ் மாவட்டங்களிலிருந்து தொழிலாளர்கள் வந்தார்கள். அவர்களின் வழித்தோன்றல்கள் வாழும் பகுதிகளில் மர்பி டவுனும் ஒன்று. தமிழ் பேசும் தலித் குடும்பங்கள், இந்துக்களும் கிறித்தவர்களுமாக, இன்றும் அங்கு வாழ்கின்றன. மேடையில் அரசமைப்புச் சட்டம் பெருமையாகப் பேசப்படுகிறது. இங்கே அது ஒரு சான்றிதழாக வந்து சேர்கிறது, அல்லது வராமல் போகிறது.

1950 ஆகஸ்ட் 10 அன்று குடியரசுத் தலைவர் பிறப்பித்த பட்டியல் சாதியினர் ஆணை, சாதிகளை மாநிலவாரியாகப் பட்டியலிட்டது. ஒரு மாநிலத்தில் பட்டியல் சாதியினராக இருப்பவர் வேறு மாநிலத்துக்குப் பெயர்ந்தால் அத்தகுதியை உடன் எடுத்துச் செல்ல முடியாது என்று 1990-இல் மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசமைப்பு அமர்வு தீர்ப்பளித்தது. பழங்குடியினருக்கும் அதே விதி. 2018-இல் பீர் சிங் வழக்கு அதை உறுதிசெய்தது. ஆணை பிறந்த நாளில் குடும்பம் எந்த மாநிலத்தில் நிலையாக வாழ்ந்தது என்பதே அளவுகோல். கர்நாடகப் பட்டியலில் 'ஆதி திராவிடர்' என்ற பெயர் உண்டு. ஆயினும் தாத்தா 1950-க்கு முன்பே இங்கு வாழ்ந்தார் என்பதைக் காட்டும் தாள் எங்கே என்ற கேள்வி, எழுதப்படிக்க வாய்ப்பற்றிருந்த ஒரு கூலித் தொழிலாளியின் பேரப்பிள்ளையை நோக்கிக் கேட்கப்படுவது. நகரத்தைக் கட்டியவர்களின் பெயர் அந்நகரத்தின் ஏடுகளில் தேட வேண்டியதாகிறது.

அதே ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து சமயத்தவர் அல்லாதோரைப் பட்டியல் சாதியினராகக் கொள்ளாது என்றது. சீக்கியருக்கு 1956-இலும் பௌத்தருக்கு 1990-இலும் விலக்கு வந்தது. கிறித்தவருக்கும் இசுலாமியருக்கும் வரவில்லை. இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்றவர்களுள் ஒருவர் சூசை. சென்னையில் சாலையோரத்தில் செருப்புத் தைத்தவர், ஆதி திராவிடர், கிறித்தவர். சாலையோரச் செருப்புத் தொழிலாளருக்கு அரசு இலவசமாக வழங்கிய சிறு கடைப்பெட்டி, மதத்தின் காரணமாக அவருக்கு மறுக்கப்பட்டது. ஓல்கா டெல்லிஸ் தீர்ப்புக்கு இரண்டு மாதங்களுக்குப் பின், 1985 செப்டம்பரில் அவரது மனு தள்ளுபடியானது. மதம் மாறிய பிறகும் அதே அளவான இழிநிலை தொடர்கிறது என்பதைக் காட்டப் போதிய சான்று இல்லை என்பது நீதிமன்றம் கூறிய காரணம். வெயிலில் அமர்ந்து செருப்புத் தைத்தவரிடம் இழிநிலைக்குச் சான்று கேட்கப்பட்டது. இக்கேள்வியை ஆராய முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஒன்றிய அரசு 2022-இல் ஆணையம் அமைத்தது. மர்பி டவுன் போன்ற பகுதியில் இது ஏட்டுச் சிக்கலாக முடிவதில்லை. ஒரே தெருவில், சில வேளைகளில் ஒரே உறவுக்குள், ஒருவருக்குச் சட்டத் தகுதி உண்டு, மற்றவருக்கு இல்லை என்று பிரிக்கும் கோடு அது.

மூன்றாவதாக, 2024 ஆகஸ்ட் 1 அன்று தேவிந்தர் சிங் வழக்கில் ஏழு நீதிபதிகள் அமர்வு, பட்டியல் சாதியினருக்குள் உள்வகைப்பாடு செய்யலாம் என்று தீர்ப்பளித்தது. அதன்பின் கர்நாடக அரசு ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி எச்.என். நாகமோகன் தாஸ் தலைமையில் ஆணையம் அமைத்தது. 2025-இல் அறிக்கை வந்தது. ஆதி கர்நாடகர், ஆதி திராவிடர், ஆதி ஆந்திரர் என்ற பொதுப்பெயர்களுக்குள் எந்தச் சாதி அடங்கியுள்ளது என்பதே அக்கணக்கெடுப்பின் கடினமான முடிச்சாக இருந்தது. இழிவான பெயர்களைத் துறந்து, சுயமரியாதைக்காக முன்னோர் ஏற்றுக்கொண்ட பெயர், இன்று பங்கு பிரிக்கும்போது இடர்ப்பாடாகத் திரும்பி வந்திருக்கிறது. பெயரின் வரலாறும் சட்டமும் இவ்வளவு நெருங்கிப் பின்னிக் கிடக்கும் ஒரு பொருளைக் குறித்துப் பேசத் தகுதியான நீதிபதிகள் இந்நகரிலேயே இருக்கிறார்கள். அவர்களை அழைத்து 'தலைமைப் பண்பு' பற்றிப் பேசச் சொல்வது, மருத்துவரை வீட்டுக்கு அழைத்துக் கவிதை வாசிக்கச் சொல்வதை ஒக்கும்.

அதிகாரிகளின் உரைகளுக்கும் இதே அளவுகோல் பொருந்தும். சாதிச் சான்றிதழ் வழங்குபவர் தாசில்தார். உச்ச நீதிமன்றத் தீர்ப்பு மக்களை எட்டுவது அவர் மேசையின் வழியாக. ஒரு மாவட்டத்தை ஆண்ட அதிகாரி சட்டப் பள்ளிக்கு வந்தால் கேட்கத் தக்க வினா, குடிமைப்பணித் தேர்வில் அவர் எத்தனை மணி நேரம் படித்தார் என்பது அன்று. எத்தனை விண்ணப்பங்கள் அவர் பணிக்காலத்தில் மறுக்கப்பட்டன, எந்தத் தாளைப் போதாது என்று ஒதுக்கினார்கள், மறுப்பாணையில் காரணம் எழுதப்பட்டதா என்பவையே சட்டம் படிப்போருக்கு உரிய வினாக்கள். சட்டம் எங்கே நின்றுபோகிறது என்பதை அறிந்தவர் அவர். அவ்வறிவைக் கேட்டுப் பெறாமல் அனுப்பிவிடுவது அவருக்கும் அவமதிப்பே.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் நியாயங்கள் மூன்று.

முதலாவது, நீதிபதிகள் வெளிப்படையாகப் பேச இயலாது என்பது. 1997 மே 7 அன்று உச்ச நீதிமன்றத்தின் முழு அமர்வு ஏற்ற நீதித்துறை வாழ்வு நெறிகள், நிலுவையிலுள்ள வழக்குகள் பற்றியும் அரசியல் பற்றியும் நீதிபதிகள் பொதுவெளியில் கருத்துரைப்பதைத் தடுக்கின்றன. தீர்ப்புகளே பேச வேண்டும் என்கின்றன. இது மதிக்கத் தக்க கட்டுப்பாடு. ஆனால் 2001-இல் இதே பெங்களூருவில் வரையப்பட்டு, 2002-இல் தி ஹேக் நகரில் செம்மை செய்யப்பட்ட 'பெங்களூரு நெறிமுறைகள்' நீதிபதிகள் சட்டம் குறித்து எழுதவும் உரையாற்றவும் கற்பிக்கவும் இடமளிக்கின்றன. நிலுவை வழக்கைத் தொடாமல், முடிந்துபோன தீர்ப்பின் காரணவரிசையை விளக்குவது கற்பித்தலே. பணியில் இருப்பவர் அதற்கும் தயங்கினால் ஓய்வுபெற்றவரை அழைக்கலாம். தம் தீர்ப்பைப் பற்றிப் பேசவே இயலாது என்றால், மாணவர்கள் அத்தீர்ப்பை ஆராய்ந்து பேசட்டும்; விருந்தினர் அமர்ந்து கேட்கட்டும். நெறிகள் நீதிபதியின் நாவுக்குத்தான் எல்லை வகுத்தன, செவிக்கு வகுக்கவில்லை.

இரண்டாவது, இவ்வுரைகள் மாணவர்களுக்கு ஊக்கம் தருகின்றன என்பது. ஊக்கம் யாருக்கு என்று கேட்க வேண்டும். விருந்தினரின் அலுவலகத்தில் பயிற்சி பெறும் வாய்ப்பு, முகவரி அட்டை, உடன் நின்ற நிழற்படம் ஆகியவை ஏற்கெனவே ஆங்கிலமும் உறவு வட்டமும் உள்ளவர்களுக்குப் பயன்படுகின்றன. தேசியச் சட்டப் பள்ளிகளுக்கான பொது நுழைவுத் தேர்வு ஆங்கிலத்தில் மட்டுமே நடக்கிறது. அத்தடையைக் கண்டுதான் ஷம்நாத் பஷீர் 2010-இல் 'ஐடியா' இயக்கத்தைத் தொடங்கி, விளிம்புநிலை மாணவர்களை அப்பள்ளிகளுக்குக் கொண்டுவர உழைத்தார். அவ்வாறு நுழையும் மாணவருக்குப் பெரியவர் ஒருவரின் வெற்றிக் கதையைவிட, தன் தெருவின் சிக்கலைச் சட்டத்தின் மொழியில் எழுப்பி அதற்கு விடை பெறும் வாய்ப்பே மிகுந்த ஊக்கம் தரும். 1943 ஜனவரியில் புனேயில் ரானடே நினைவாக உரையாற்ற அழைக்கப்பட்ட அம்பேத்கர், நினைவு கூர்வதோடு நிற்கவில்லை. பெரியவர்களை வழிபடும் மனப்பான்மையையே அம்மேடையில் கண்டித்தார். நினைவுச் சொற்பொழிவு வழிபாடாக வேண்டியதில்லை என்பதற்கு அதைவிடச் சிறந்த முன்மாதிரி தேவையில்லை.

மூன்றாவது, உயர் நீதிமன்றங்களின் மொழி ஆங்கிலம், ஆகவே உரையும் ஆங்கிலத்தில் வளாகத்துக்குள் நடப்பதே இயல்பு என்பது. அரசமைப்புச் சட்டத்தின் 348-ஆம் உறுப்பு உச்ச நீதிமன்றத்துக்கும் உயர் நீதிமன்றங்களுக்கும் ஆங்கிலத்தை வைத்திருப்பது உண்மை. சென்னை உயர் நீதிமன்றத்தில் தமிழ் வேண்டும் என்று தமிழ்நாடு சட்டமன்றம் 2006-இல் நிறைவேற்றிய தீர்மானம் இன்றும் நடைமுறைக்கு வரவில்லை. ஆனால் 348-ஆம் உறுப்பு நீதிமன்றத்தைத்தான் கட்டுப்படுத்துகிறது. ஹலசூரின் சமுதாயக் கூடத்தை அது கட்டுப்படுத்தவில்லை. கர்நாடகக் கீழமை நீதிமன்றங்களில் கன்னடம் வழங்குகிறது. உச்ச நீதிமன்றமே 2019 முதல் தன் தீர்ப்புகளில் சிலவற்றை இந்திய மொழிகளில் வெளியிடத் தொடங்கியது. தீர்ப்பு மொழிபெயரலாம், உரை மட்டும் பெயராது என்பது எந்த இலக்கணம்?

மாற்று வழிகள் புதியவை அல்ல. கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் தாகூர் சட்டச் சொற்பொழிவுகள் பிரசன்ன குமார் தாகூர் தம் உயிலில் விட்டுச் சென்ற பொருளால் 1870-இல் தொடங்கியவை. கேட்க வருவோரிடம் கட்டணம் பெறக் கூடாது, உரைகள் அச்சாகி இலவசமாக வழங்கப்பட வேண்டும் என்பவை அவ்வறக்கட்டளையின் நிபந்தனைகள். ஆகவே அங்கே பேச வந்தவர் ஒரு நூலுக்கு நிகரான உழைப்புடன் வர வேண்டியிருந்தது. அசுதோஷ் முகர்ஜியும் ராதாபினோத் பாலும் அவ்வாறு வந்தவர்கள். இங்கிலாந்தில் எம்மா வார்பர்ட்டன் ஹாம்லின் என்ற பெண்மணி தம் உயிலில் பொருள் ஒதுக்கியது, நாட்டின் பொதுமக்கள் தம் சட்டத்தை அறிவதற்காக. அந்நிதியில் 1949-இல் முதல் உரை ஆற்றியவர் டென்னிங். உயில் எழுதிய இருவரும் பேச வருபவரின் பெருமையைவிடக் கேட்க வருபவரின் உரிமையையும் அச்சாகும் உரையையும் முன்வைத்தார்கள்.

அழைக்கப்பட்ட உரைகளின் வரலாற்றில் இந்தியா மறக்கக் கூடாத ஒன்று, நிகழாமல் போன உரை. 1936-இல் லாகூரின் ஜாத்-பாத்-தோடக் மண்டல் தன் மாநாட்டுக்குத் தலைமை தாங்க அம்பேத்கரை அழைத்தது. அப்போது அவர் பம்பாய் அரசு சட்டக் கல்லூரியின் முதல்வர். உரையின் படியை முன்கூட்டிப் பார்த்தவர்கள் சில பகுதிகளை நீக்கக் கோரினார்கள், அவர் மறுத்தார், மாநாடு கைவிடப்பட்டது. தம் செலவில் 1,500 படிகள் அச்சிட்டு அவர் அதை மக்களிடம் கொடுத்தார். 'சாதி ஒழிப்பு' அவ்வாறு பிறந்தது. சால்வையும் நினைவுப் பரிசும் பெற்ற ஆயிரம் உரைகள் மறைந்துபோக, மேடை மறுக்கப்பட்ட அவ்வுரை இன்றும் படிக்கப்படுகிறது. எழுத்தில் இருந்தது, எதிர்ப்புக்கு அஞ்சாதது, எவரை நோக்கியதோ அவர்களிடம் சென்று சேர்ந்தது என்ற மூன்றே அதற்குக் காரணம்.

ஆகவே சட்டப் பள்ளிகளின் முன் வைக்கத் தக்க கோரிக்கைகள் எளியவை. உரையின் எழுத்து வடிவம் ஒரு வாரம் முன்னரே மாணவர்களுக்குக் கிடைக்க வேண்டும். விருந்தினர் எழுதிய தீர்ப்பு அல்லது ஆணை இரண்டையேனும் மாணவர்கள் படித்துவிட்டு வர வேண்டும். நேரத்தில் பாதி வினாக்களுக்கு உரியதாக வேண்டும். அவ்வினாக்களை எவரும் முன்கூட்டி வடிகட்டக் கூடாது. ஆண்டுக்கு ஒன்றேனும் வளாகத்துக்கு வெளியே, ஹலசூரிலோ மர்பி டவுனிலோ, கன்னடத்திலும் தமிழிலும் நிகழ வேண்டும். அதே மேடையில் வழக்குத் தொடுத்தவர்களும் பேச அழைக்கப்பட வேண்டும். சூசையின் பெயர் தாங்கிய தீர்ப்பைப் பாடமாக வைக்கும் பள்ளிகளுக்கு, அவரைப் போன்ற ஒருவர் சிறப்பு விருந்தினராக வரக்கூடும் என்ற எண்ணம் தோன்றாமல் இருப்பது பெரும் குறை.

இவற்றுக்கு நிதி ஒதுக்கீடு வேண்டாம். சட்டத் திருத்தம் வேண்டாம். அடுத்த சிறப்புரையில் நன்றியுரைக்கு முன்பாக ஒரு மாணவர் எழுந்து, 'ஐயா, தங்கள் தீர்ப்பின் இந்தப் பத்தி குறித்து ஒரு வினா' என்று தொடங்கினால் போதும். அவ்வினாவுக்கு விடை சொல்லும் நீதிபதி சிறுமையடைய மாட்டார். அதைத் தடுத்து அம்மாணவரை அமரச் சொல்லும் நிறுவனம், தான் நடத்துவது பள்ளியா அவையா என்பதற்குப் பிறகு விடை சொல்ல வேண்டியிருக்கும்.